எல்லாத்துக்கும் ஒரே கார்டு

ஹேமாவதியின் மகளுக்கு ஒருமுறை தொண்டையில் மீன்முள் சிக்கிக்கொண்டது. அதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து, சேலையூரில் கூடை வைத்து மீன் விற்கும் செல்வம்மாள், முள் எடுத்த சதைத் துண்டு ஒன்றை, மீன் வாங்க வரும் ஹேமாவதியின் பையில் தனியாகப் போட்டுவிடுவாள். ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை.

அந்தச் செல்வம்மாள் ஒரு காலையில், ஹேமாவதி காவல் நிற்கும் மெட்ரோ ஸ்டேஷனுக்குக் கணவர் துளசிங்கத்தைக் கைப்பிடித்து அழைத்து வந்தாள். அவருக்கு ஒரு கண் போய்விட்டது, மற்றதிலும் புகைமூட்டம். அதற்கு அன்று ஆஸ்பத்திரியில் ஊசி. தவறினால் அதுவும் போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

செல்வம்மாள் புதுக் கார்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மெஷினில் வைத்தாள். கதவு திறந்தது. தான் நுழைந்து கணவரை இழுப்பதற்குள் சாத்திக்கொண்டது. அவள் உள்ளே, அவர் வெளியே. பிடித்த கைகள் மட்டும் கதவுக்கு மேலே.

“வுட்டுடாதடி.”

“எங்க வுடறது? அசையாம நில்லுய்யா.”

கார்டை அவரிடம் நீட்டினாள். அவர் தடவித் தடவி வைத்தார். மெஷின் சிவப்பு விளக்குப் போட்டுக் கத்தியது.

பின்னால் நின்றவன், “இன்னா ஆயா, கல்யாண ஊர்வலமா? வழி வுடு!” என்றான்.

“ஆமாண்டா கண்ணு, மொய் எடுத்தாந்தியா?” என்றாள் செல்வம்மாள். அவன் சிரித்துக்கொண்டே அடுத்த கதவுக்கு நழுவினான்.

ஹேமாவதி ஓடிவந்தாள். “அக்கா, ஒரு கார்டுல ஒருத்தர்தான் போவ முடியும்.”

“ஒரே கார்டு போதும்னு கவுன்ட்டர் தம்பி சொல்லிச்சே?”

“பஸ்ஸு, மெட்ரோ எல்லாத்துக்கும்னு சொல்லியிருப்பாரு.”

“எனக்கு எல்லாருக்கும்னு கேட்டுச்சு. ரேஷன் கார்டுல ரெண்டு பேர் பேரும் ஒண்ணாதானே கீது!”

தானே கதவைத் திறந்துவிட ஹேமாவதிக்கு அனுமதி இல்லை. அம்மா தாயே, வழி காட்டு என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டு, “இன்னிக்கு முடியாட்டி நாளைக்கு…” என்று இழுத்தாள்.

“நாளைக்கெல்லாம் கெடையாது. போயே ஆவணும். இன்னா செய்யணும்னு சொல்லு.”

“உள்ள போன கார்டு மறுபடி உள்ள போவாதுக்கா. அதை வெச்சு வெளிய வரணும். காசு புடிச்சுக்கும். அப்புறம் அண்ணனுக்குத் தனி டிக்கெட் எடுக்கணும்.”

“காசு போவட்டும். கண்ணு போவக் கூடாது.”

வெளியே வந்தாள். டிக்கெட் வாங்கினாள். இந்த முறை கணவரை முன்னால் விட்டு, முதுகில் கைவைத்து மெல்லத் தள்ளிவிட்டு, தான் பின்னால் நுழைந்தாள். ஆண்டவன் புண்ணியத்தில் ஊசி தவறவில்லை.

பிறகு ஊசிக்கு ஊசி இருவரும் வந்தார்கள், ஆளுக்கொரு கார்டோடு. தடவினாலே தெரியும்படி அவர் கார்டில் மட்டும் மஞ்சள் நூல் சுற்றியிருந்தது. அந்தக் கண்ணில் பார்வையும் போகாமல் தங்கியது.

ஹேமாவதிக்கு வேறு ஸ்டேஷனுக்கு மாற்றல் வந்தது. வீட்டையும் காலி செய்துகொண்டு போக வேண்டியிருந்தது. அதைச் சொன்ன அன்றுதான் அவர்கள் கடைசியாகப் பார்த்துக்கொண்டது. துளசிங்கத்தைக் கதவுக்குள் அனுப்பிவிட்டுச் செல்வம்மாள் திரும்பினாள்.

“போற எடத்துலயும் என்னை மாதிரி எவளாச்சும் ஒரே கார்ட வெச்சிகினு புருஷன இட்டுகினு வருவா, ஹேமா. அவ உள்ள பூந்தப்புறம் ரூல்ஸ் பேசாத. வெளிய நிக்கறப்பவே சொல்லிடு.”