சுண்ணாம்பில் டாக்டரான கோமதி

செய்தி வந்தபோது நான் பள்ளுருத்திச் சந்தையில் மீன்காரரோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தேன். எங்கள் ஆய்வக உதவியாளர் பாபுச் சேட்டன் தொலைபேசியில், "மேடம், நம்மடெ கோமதி மேடம் மரிச்சு போயி. ராவிலெ நெஞ்சுவேதன வந்நு" என்றார். மீன்காரர் கூப்பிடக் கூப்பிட, எடைபோட்ட மீனை விட்டுவிட்டு நடந்தேன். எந்தப் பக்கம் நடந்தேன் என்று கேட்டால் தெரியாது.

அவளை அறிந்த உங்களுக்கு நான் என்ன புதிதாகச் சொல்லிவிடப் போகிறேன்? கோழி ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்கு அடுத்த மேசை அவளுடையது. முட்டை ஓட்டின் புரதங்களைப் பற்றி யாராவது தெரியாத்தனமாக ஒரு கேள்வி கேட்டுவிட்டால் அன்றைக்குச் சாயா ஆறிப்போகும். ஓடு ஏன் உடைகிறது, ஏன் உடையாமல் நிற்கிறது என்பதிலேயே ஆயுளைக் கழித்தாள்.

ஒருமுறை கும்பளங்கியிலிருந்து கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் வந்தார். கக்காச் சிப்பி ஓட்டை இடித்துத் தீவனத்தில் அள்ளிப் போடுகிறேன், ஆனாலும் முட்டை கைபட்டால் உடைகிறது என்று புலம்பினார். கோமதி சிரித்தாள். "செங்கல்லு மட்டும் போதுமா சேட்டா, மேஸ்திரி வேண்டே?" என்றாள். ஓட்டில் பெரும்பங்கு சுண்ணாம்புதான். ஆனால் அது எங்கே படிய ஆரம்பிக்க வேண்டும், எவ்வளவு நுணுக்கமான மணிகளாகச் சேர வேண்டும் என்பதைப் பார்த்துக்கொள்வது அதனோடு கலந்திருக்கும் கொஞ்சம் புரதம். மணி நுணுக்கமாக இருந்தால் ஓடு கெட்டி. கோழிக்கு வயதானால் முட்டை பெரிதாகும், மேஸ்திரிக்கும் கை தளரும். அவர் கோழிகளை மாற்ற வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

இத்தனை பேசியவள் வீட்டில் வாயே திறந்ததில்லை. அவள் அப்பா மட்டாஞ்சேரியில் பேர்பெற்ற கல்யாணச் சமையல்காரர். சைவமென்றால் அப்படியொரு சைவம். பக்கத்துப் பந்தலில் கேக்குக்கு முட்டை உடைத்தார்கள் என்று, கொதிக்கிற சாம்பாரை அப்படியே விட்டு இறங்கி வந்த மனிதர். வேலைக்குச் சேர்ந்த அன்று மகளிடம் என்ன வேலை என்று கேட்டிருக்கிறார். "சுண்ணாம்பு ஆராய்ச்சி அப்பா" என்றிருக்கிறாள். அதிலிருந்து போகிற கல்யாண வீடெல்லாம் "என் மோள் சுண்ணாம்புல டாக்டர்" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார்.

மாலையில் பேருந்தை விட்டு முன்னதாகவே இறங்குவாள். பஜார் ரோட்டில் சுக்கும் மிளகும் மூட்டை மூட்டையாக அடுக்கிய கிடங்குகளை ஒட்டி மெதுவாக நடப்பாள். சேலையில் ஒட்டிய முட்டை வாடையைச் சுக்கு நெடி தின்றுவிடுமாம். சில நாள் நானும் கூட நடந்து, வழியெல்லாம் தும்மியிருக்கிறேன்.

"இது என்னடி கூத்து? போய்ச் சொல்லித் தொலையேன்" என்பேன்.

"பொய் சொல்லலையே ஜெசி. ஓட்டுல முக்காலும் அதுதானே."

"மிச்சம்?"

"ரிட்டயர் ஆகிற அன்னிக்குச் சொல்றேன். இப்போ சொன்னா அப்பா என் கையால சாப்பிட மாட்டார். வேற யாரு இருக்கா அவருக்கு?"

அதற்குமேல் நான் என்ன சொல்ல? அம்மா இல்லாத வீடு. கல்யாணமும் வேண்டாமென்றுவிட்டாள். அப்பாவுக்குக் கரண்டி பிடிக்க முடியாமல் போன பிறகு இரண்டு வேளையும் அவள்தான் சமைத்துப் போட்டாள். ஓய்வுபெறச் சில மாதங்களே இருந்தன. அவள்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை. இவ்வளவு அவசரமாகப் போகிறவள் அதை அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம்.

காரியங்கள் முடிந்த பிறகு அவள் வீட்டுக்குப் போனேன். அப்பா சுவரோரம் உட்கார்ந்திருந்தார். கொள்ளி வைத்தவரும் அவர்தான். ஆறுதல் சொல்ல வாயெடுப்பதற்குள், "ஜெசி மோளே, அவளுக்கு முட்டையில என்ன வேலை?" என்றார்.

நான் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"பெருங்காயத்துல கலப்படம் உண்டான்னு கடை வாசல்ல நின்னு சொல்லுவேன். என் வீட்டு நடையில வர்ற முட்டை வாடை எனக்குத் தெரியாதாக்கும்? முதல் நாளே தெரியும்."

"அப்புறம் ஏன் அப்பா கேட்கலை?"

"அவளா பறயட்டும்னு இருந்தேன். நான் கேட்டா, பயந்துபோய் வேலையை விட்டுருவா. தெரிஞ்சுதான் அவ கையால தினமும் சாப்பிட்டேன்." பிறகு, "நீயாவது சொல்லு" என்றார்.

சொன்னேன். அன்று மாலை முழுவதும் சொன்னேன். சமையல்காரரல்லவா, சும்மா கேட்டுக்கொண்டிருக்கவில்லை. வாத்து முட்டைக்கும் இதே கணக்குத்தானா என்றார். இவ்வளவு கெட்டியானதைக் குஞ்சு எப்படி உள்ளேயிருந்து உடைக்கிறது என்றார். குஞ்சு தன் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்பை ஓட்டின் உள்பக்கத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும், அதனால் ஓடு உள்ளே தளர்ந்துபோகும் என்றேன். ஓட்டைக் கெட்டியாக்கும் புரதங்களில் ஒன்று நம் எலும்பிலும் இருக்கிறது, கோமதி அதிகம் பாடுபட்டது அதற்காகத்தான் என்றும் சொன்னேன்.

அப்பா தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அஸ்தி பொறுக்கும்போது எடுத்ததெல்லாம் கையிலேயே பொடிஞ்சுது மோளே. புரதமெல்லாம் வெந்துபோயிட்டதாலயா?"

"ஆமாம் அப்பா."

தலையசைத்தார்.

ஆய்வகத்தில் அவளுடைய கண்ணாடிச் சாமான்களையும் கருவிகளையும் ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டார்கள். நான் எதையும் கேட்கவில்லை. அவள் அப்பாவின் கேள்விகள் என்னிடம் இருக்கின்றன. அவை கோமதிக்கு வந்திருக்க வேண்டியவை. சாயா ஆறுவது தெரியாமல் அவள் பதில் சொல்லியிருப்பாள்.