தண்ணீர் குடித்த மூலை

நான் ஜியாலஜி படிக்கப்போகிறேன் என்றதும் எங்கள் தெருவே சிரித்தது. "மண்ணைப் படிக்கக் காலேஜா? நடவுக்கு வாடி, சும்மாவே சொல்லித் தர்றோம்" என்று ஓர் அத்தை கேலி செய்தாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். முதலில் கோபம் வரும், அடுத்து வாய் நீளும், கடைசியில்தான் புத்தி வரும். என் சுபாவமே அப்படி. "எண்ணெய்க் கிணறு தோண்டுறவன், நிலக்கரி வெட்டுறவன், அணை கட்டுறவன், அத்தனை பேரும் எங்களைக் கேட்டுட்டுத்தான் மண்ணுல கை வைக்கணும், தெரியுமா?" என்று அத்தையை ஒரு பிடி பிடித்தேன்.

சொன்னது பொய்யில்லை. என்னோடு படித்தவர்களில் ஒருவன் நடுக்கடலில் எண்ணெய் மேடையில் இருக்கிறான். ஒருத்தி நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போனாள். இரண்டு பேர் கிரானைட் குவாரிகளில் வெயில் தின்கிறார்கள். ஒருவன் எல்லாவற்றையும் மறந்துவிட்டு வங்கியில் உட்கார்ந்திருக்கிறான். நான் நிலத்தடி நீர் பார்க்கும் சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கிறேன். ஊர் ஊராகப் போய்த் துளை போட்டு, வரும் மண்ணைப் பார்த்து எழுதுவதுதான் வேலை. ஆனால் நான் போட்ட முதல் துளை எங்கள் சொந்த வயலில். அதைப் பற்றி இத்தனை வருடம் யாரிடமும் பேசியதில்லை.

கீழ்வேளூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி எங்கள் ஊர். அப்பாவும் அம்மாவும் கல்யாணமான புதிதில் ஒரு மிராசுதாரரின் பண்ணையில் ஆள். பிறகு கழக ஆட்சியில் நில உச்சவரம்புச் சட்டத்தில் அந்தப் பண்ணையிடமிருந்து எடுத்த நிலத்தைப் பிரித்துக் கொடுத்தபோது அப்பாவுக்கு மூன்று மா, கிட்டத்தட்ட ஒரு ஏக்கர், கிடைத்தது. வாய்க்காலை ஒட்டி நல்ல நிலம் இருந்தும், தூரத்தில் ஒதுங்கிக் கிடந்த இந்த வயலைத்தான் அப்பா கேட்டு வாங்கினார். "ஏன் இப்படி ஒரு கோணப் புத்தி?" என்று அம்மா அதைச் சொல்லிச் சொல்லித் திட்டுவாள்.

அம்மாவுக்கு ஒரே அண்ணன். எனக்கு மாமா, நான் பார்த்ததில்லை. கூலி நெல் கூட்டிக் கேட்டுச் சண்டை நடந்த காலத்தில் சங்கத்தில் முன்னால் நின்றவர். ஓர் அறுவடையின்போது ஆளைக் காணோம். பண்ணைக்குப் பயந்து நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்குப் போய்விட்டார், நானே ஏற்றிவிட்டேன் என்று அப்பா சொன்னார். அம்மா நம்பினாள். முப்பது வருடமாக ஒரு கடுதாசி இல்லை. அப்படியும் பொங்கலுக்குப் பொங்கல் அண்ணனுக்கு ஒரு வேட்டி எடுத்துப் பெட்டியில் வைப்பாள். பினாங்கிலிருந்து யார் வந்தாலும், எந்த ஊராக இருந்தாலும், நடந்தே போய் விசாரிப்பாள். அவள் உயிரில் பாதி அந்தக் கப்பலில்தான் இருந்தது.

வயலின் வடகிழக்கு மூலை எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஆகாது. வயல் முழுக்கத் தண்ணீர் கட்டினால் மற்ற இடமெல்லாம் கண்ணாடியாக நிற்கும். அந்த மூலையில் மட்டும் நிற்காது. குனிந்து காதைக் கொடுத்தால் மடக் மடக்கென்று ஒரு சத்தம் வரும். ஒருமுறை கேட்டுவிட்டு ஓடிவந்தவள் இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தேன். பயிர் அங்கே முழங்கை உயரம் கூடுதலாக, கரும்பச்சையாக நிற்கும். கொக்கு மற்ற இடத்திலெல்லாம் இறங்கும், அங்கே இறங்கி நான் பார்த்ததில்லை. அந்த மூலைக்கு அப்பா யாரையும் விடமாட்டார். டிராக்டர் வந்த பிறகும் அதைச் சுற்றிக்கொண்டு போகச் சொல்லிவிட்டு, மண்வெட்டியால் தானே கொத்துவார். கோடையில் வைக்கோலைக் கொண்டுபோய் அதன் மேல்தான் போர் போடுவார்.

எம்.எஸ்சி. கடைசி வருடத்தில் டெல்டாவின் களிமண் அடுக்குகளைப் பற்றி ஒரு ஆய்வறிக்கை எழுத வேண்டியிருந்தது. துறையில் கையெழுத்துப் போட்டு ஒரு ஆகர் வாங்கி வந்தேன். கைப்பிடி வைத்த ஆளுயரத் திருகாணி. திருகி இறக்கி இழுத்தால் அந்தந்த ஆழத்து மண் அப்படியே மேலே வரும். எங்கள் பேராசிரியர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார்: "ஆறு அடுக்கு அடுக்காத்தான் போடும்மா. கலந்து கிடந்துச்சுன்னா மனுசன் கை பட்டிருக்குன்னு எழுது."

அந்தக் கோடையில் வைக்கோலை நல்ல விலைக்குக் கேட்டார்கள் என்று அம்மா போரைக் கொடுத்துவிட்டிருந்தாள். அப்பா ஜமாபந்திக்குத் தாலுகா ஆபீஸ் போயிருந்தார். நானும் அம்மாவும் காலையில் வயலுக்குப் போனோம். காய்ந்த வயல் முழுக்க வெடிப்பு, ஆமை ஓடு மாதிரி கோணல்மாணலாக. மூலைக்கு வந்ததும் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அங்கே வெடிப்பு நேர்கோடாக ஓடியது. இந்தப் பக்கம் ஒரு கோடு, அந்தப் பக்கம் ஒரு கோடு, இரண்டுக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கும் அகலம்.

அப்போதே நான் நிறுத்தியிருக்க வேண்டும். எனக்கோ கண்டுபிடித்த குஷி! முதலில் நடுவயலில் ஒரு துளை போட்டேன். மேலே உழவு மண், அதற்கடியில் தலைமுறை தலைமுறையாக மாடும் ஆளும் மிதித்து இறுகிய தட்டு, பிறகு மஞ்சள் களி, பிறகு பொடி மணல். அம்மா ஒவ்வொன்றையும் சாக்கின் மேல் வரிசையாக வைத்தாள். "எம்மாடி, புடவைக் கரை மாதிரி இருக்கே" என்று அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு மூலையில் இறக்கினேன். இறுகிய தட்டு இல்லவே இல்லை. கறுப்பும் மஞ்சளும் நீலமும் கட்டி கட்டியாகக் கலந்து வந்தன. நடுவே மக்காத வைக்கோல் துணுக்கு. நாலடிக்குக் கீழே ஆகரை நான் திருகவே இல்லை. அது பொதுக்கென்று தானாக இறங்கியது, யாரோ கீழிருந்து பிடித்து இழுத்த மாதிரி. மேலே இழுத்தபோது மையாகக் கறுத்த, பிசுபிசுத்த மண். அந்த வாடையை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியாது.

வாய்மொழித் தேர்வில் ஒப்பிப்பதுபோல ஒப்பித்தேன். "இது இயற்கை இல்லம்மா. யாரோ ஆளு நீளத்துக்குக் குழி வெட்டி மூடியிருக்காங்க. தட்டு உடைஞ்சதாலதான் தண்ணி நிக்கல."

"எந்தக் காலத்துல?" என்றாள் அம்மா.

"தட்டு இன்னும் கூடல, வைக்கோல் இன்னும் மக்கல. ஒரு முப்பது வருசம் இருக்கும்."

சொல்லி முடித்த பிறகுதான் அவள் முகத்தைப் பார்த்தேன். பாவி நான், என்ன காரியம் செய்துவிட்டேன்! அவள் அழவில்லை. வரப்பில் உட்கார்ந்தாள். "இந்த வயலுதான் வேணும்னு கேட்டு வாங்கினாரு" என்றாள், எனக்கில்லை, மண்ணுக்குச் சொல்வதுபோல. பிறகு சாக்கில் இருந்த கறுப்பு மண்ணை ஒரு பொடி விடாமல் இரண்டு கையாலும் அள்ளி அந்தத் துளையிலேயே போட்டு, உள்ளங்கையால் தட்டி மூடினாள். ஆகரைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னால் வீட்டுக்கு நடந்தேன்.

அப்பா உச்சி வெயிலில் வந்தார். கால் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார். அம்மா சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். எதிரில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"எங்க, ஜமாபந்தியிலயா? காலையிலேர்ந்து நின்னேன்."

"குழி வெட்ட."

அப்பாவின் கை சோற்றிலேயே நின்றது. என்னைப் பார்த்தார், சுவரில் சாய்ந்திருந்த ஆகரைப் பார்த்தார். மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்க வேண்டும் என்று கடவுளை வேண்டினேன்.

"விடியறதுக்குள்ள மூடணும்னு பண்ணை ஆளுங்க சுத்தி நின்னாங்க" என்றார். "அடிச்சே கொன்னுட்டாங்க. அதுக்கப்புறந்தான் என்னைக் கூப்பிட்டாங்க. வெட்டலைன்னா உன்னையும் அதுலயே போடுவோம்னாங்க. கப்பல் கதையும் அவங்க சொல்லிக்கொடுத்ததுதான்."

"அவங்கெல்லாம் செத்து எத்தனை வருசம் ஆச்சு?"

சோற்றில் கண்ணீர் விழுந்தது. அப்பா அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர்மேல் எனக்கு வந்தது கோபமா, பரிதாபமா என்று இன்றுவரை தெரியவில்லை.

அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"தலையை எந்தப் பக்கம் வச்சே?"

"தெக்கால" என்றார் அப்பா. "எப்படியோ தள்ளி மூடச் சொன்னாங்க. நான் குழிக்குள்ள இறங்கி, மச்சானை முறைப்படி தெக்கால தலை வச்சுத்தான் படுக்கவச்சேன். அதுக்கு எனக்கும் அடி விழுந்துச்சு."

அப்போதுதான் அம்மா உடைந்தாள். மார்பில் அடித்துக்கொண்டு அவள் எடுத்த ஒப்பாரியில் தெருவே கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடிவந்தது. வாசலில் என்னை மறித்து, "யாருடி போயிட்டா?" என்றார்கள்.

"எங்க மாமா" என்றேன்.

"அய்யோ, எப்ப?"

"இப்பத்தான்" என்றேன்.