எட்டாம் படுக்கை இல்லாத ஆஸ்பத்திரி

ரூபீனா பார்ப்பது ஆஸ்பத்திரி வேலைதான், ஆனால் ஆஸ்பத்திரியில் இல்லை. முதுகுவலி வந்து வார்டு நர்ஸ் வேலையை விட்ட பிறகு, தரமணியில் ஏசி குளிர் எலும்பைக் குடையும் ஓர் ஆபீசில் உட்கார்ந்துவிட்டாள். ஊரிலுள்ள சில ஆஸ்பத்திரிகளின் நோயாளிகளுடைய இதயத்துடிப்பும் ஆக்சிஜனும் கிளவுட் வழியாக அவள் திரைக்கு வரும். கோடு கோணினால் அந்த வார்டுக்குப் போன் போட வேண்டும். ராயப்பேட்டையில் அவள் வீட்டார் இதை "டிவி பாக்குற வேலை" என்று கேலி செய்வார்கள்.

திரையில் பெயர் வராது. ஆணா பெண்ணா என்றும் தெரியாது. ஆஸ்பத்திரி, மாடி, படுக்கை நம்பர், அவ்வளவுதான். பெயர் வெளியே போனால் கேஸ் வரும் என்று கம்பெனிக்கு அவ்வளவு பயம். செல்போனைக்கூட வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். ஊசி போகிற வழிக்கெல்லாம் காவல் போட்டார்கள். உலக்கை போகிற வழியை ஒருத்தனும் பார்க்கவில்லை.

அன்று மத்தியானம் அடையாறு ஆஸ்பத்திரியின் எட்டாம் படுக்கையில் ஆக்சிஜன் சரிந்தது. ரூபீனா போனை எடுத்தாள். மறுமுனையில் சந்திரிகா, அந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்த நர்ஸ்.

"சிஸ்டர், எட்டாம் பெட்ல ஆக்சிஜன் எறங்கிக்கினே போவுது, ஓடிப் பாருங்க!"

"எட்டா? எங்க வார்டுல எட்டே கிடையாதே மேடம்."

"இன்னா சிஸ்டர் வெளையாடுறீங்களா? என் கண்ணு முன்னாடி ஓடிக்கினு கீது!"

"சத்தியமா மேடம். ஏழு இருக்கு, ஒம்பது இருக்கு. ரெண்டு பேரும் நல்லாத்தான் இருக்காங்க."

அவள் சொன்னது பொய்யில்லை. எட்டு ஆகாத எண்ணாம். எட்டாம் படுக்கை என்றாலே நோயாளியின் சொந்தக்காரர்கள் மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு வேறு ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள் என்று, ஆஸ்பத்திரி முதலாளி அதற்கு "ஏழு ஏ" என்று பலகை மாட்டிவிட்டார். மெஷினுக்கு ராகு காலமும் தெரியாது, ஏழு ஏவும் தெரியாது. அதில் எட்டு எட்டாகவே இருந்தது. பழைய நர்ஸுகளுக்கு இது தெரியும். புதிதாக வந்தவளிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. ஏழு ஏ இருந்தது மூலையில், கதவு சாத்திய தனியறையில். தரமணியில்தான் பார்க்கிறார்களே என்று அங்கிருந்த அலாரச் சத்தத்தையும் குறைத்து வைத்திருந்தார்கள்.

"ஒரு பெட் விடாம பாருங்க சிஸ்டர்!" என்று கத்திவிட்டு, ரூபீனா சூப்பர்வைசர் ஹரியிடம் ஓடினாள். "சார், அடையாறு எட்டாம் பெட் பேஷன்ட் பேரைத் தொறங்க. பேரைச் சொன்னா கண்டுபிடிச்சிருவாங்க."

"ஆஸ்பத்திரி ஓகே குடுக்கணும். மெயில் போட்டுட்டேன்."

"மெயிலா? யா அல்லா, உயிர் போவுது சார்!"

சந்திரிகா பாவம், ஒன்றாம் படுக்கையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். மூலை அறைக் கதவைத் திறந்தபோது ரூபீனாவின் திரையில் கோடு படுத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை மீட்டிங் நடந்தது. அந்தச் சாவை விசாரிக்க வந்தவர்கள், பாதுகாப்பில் ஒரு குறையுமில்லை, எந்தத் தகவலும் கசியவில்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஹரிக்கு முகமெல்லாம் நிம்மதி. எல்லோரும் கலைந்த பிறகு ரூபீனா அவனிடம் போனாள்.

"அது யாரு சார்? பேரு இன்னா?"

"பேஷன்ட் பேரைச் சொல்லக் கூடாது. உங்களுக்குத் தெரியாததா?"

"அவங்களுக்காக அல்லாகிட்ட துஆ கேக்கணும் சார். ஆம்பளையா பொம்பளையான்னாவது சொல்லுங்க."

"ரூல்ஸ், ரூபீனா."

"செத்தவங்க பேரை யார்கிட்டேந்து சார் காப்பாத்துறீங்க? உசுரோட இருக்கறப்ப ஒருவாட்டி சொல்லியிருந்தா அந்தப் பொண்ணு நேரா அந்த ரூமுக்கு ஓடியிருப்பாளே!"

ஹரி லேப்டாப்பை மூடினான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"சீட்டுக்குப் போங்க. எட்டுல புது பேஷன்ட் வந்திருக்காங்க."