திட்டினால்தான் நிற்கும் நாய்

நாய்க்குத் தினமும் மயிர் சீவ வேண்டும். பண்டிகைக்குப் பண்டிகை வீட்டை வெள்ளையடிக்கிற மாதிரி எப்போதோ ஒருநாள் பிடித்து வைத்துச் சீவினால் நாய்க்கும் வதை, சீவுகிறவளுக்கும் வதை. இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கவே எனக்கு அரைநாள் ஆகும். ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு காப்பிப்பொடி நிற நாயை ஒன்பது வருஷம் சீவியவள் நான். என் கை பட்ட பிறகு ஓர் உண்ணிகூட அதன்மேல் இரண்டாம் நாள் குடியிருந்ததில்லை. இதை யார் கேட்டாலும் சொல்வேன்.

வெள்ளைக்காரன் போய் ஐந்தாறு வருஷம் ஆகியிருந்தது. அந்த நாய் ஒரு டீச்சரம்மாவுடையது. ஆங்கிலோ இந்திய அம்மாள், கல்யாணம் செய்துகொள்ளாதவர், பள்ளிக்கூட வேலையை விட்டு ஓய்வாக இருந்தார். சமையலை அவரே பார்த்துக்கொண்டார். நாயைப் பார்க்க மட்டும் ஆள் வேண்டும் என்றார். பங்களாவின் பின்னால் ஓர் அறை உண்டு. நாயைப் பார்க்கிற ஆளுக்கு அந்த அறை. அறைக்குத் தனிக் குழாய். இருபது வீட்டுக்கு ஒரே குழாய் என்று இருந்த லைன் வீட்டில் குடத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த எனக்கு, குழாயைத் திறந்தவுடன் தண்ணீர் என் குடத்தில் மட்டும் விழுவதை நம்பவே கொஞ்ச நாள் பிடித்தது. மில்லில் வேலை செய்த என் வீட்டுக்காரர் ஷிப்ட் முடிந்து வந்து இரண்டு தடவை குளித்தார்.

என் மாமியார் கோலார் தங்கவயலில் மூத்த மகனோடு இருந்தார். நாங்கள் குடிவந்த வாரமே ரயிலேறி வந்தார். அறையைச் சுற்றிப் பார்த்தார். குழாயைத் திறந்து மூடினார். "நல்ல வூடுதான். இவ வாய்க்கு ஆறு மாசம் தாங்காது" என்று மகனிடம் சொல்லிவிட்டு அடுத்த ரயிலுக்குப் போய்விட்டார்.

எனக்கு முன்னால் மூன்று ஆயாக்கள் வந்து போயிருந்தார்கள். மூன்று பேரும் அந்த நாயைக் கொஞ்சிக் கொஞ்சிக் கெடுத்திருந்தார்கள். "வாடா கண்ணு, வாடா ராஜா" என்று கூப்பிடுவது, வந்ததும் சிக்கில் சீப்பைப் போட்டு வெடுக்கென்று இழுப்பது. கடைசியில், யாராவது அன்பாகப் பேசினாலே நாய் பல்லைக் காட்டும். நானும் இரண்டு நாள் கண்ணு, ராஜா என்று பார்த்தேன். என் புடவைத் தலைப்பு கிழிந்ததுதான் மிச்சம்.

மூன்றாம் நாள், மாமியார் சொல்லிவிட்டுப் போனதற்குப் பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. யாரிடம் சொல்வது? நாய்தான் எதிரே இருந்தது. "நில்லுடி கெழவி" என்று தொடங்கினேன். "வெல்லத்த எங்கடி ஒளிச்சு வெச்சே? கட்டிலுக்கடியிலதானே? எனக்கு ஒரு துண்டு குடுத்தா கொறஞ்சா பூடுவே? உன் பொண்ணு களி கிண்டுனா பஞ்சு, நான் கிண்டுனா கல்லா?"

நாய் என்னை நிமிர்ந்து பார்த்தது. மெல்ல வந்து என் முழங்காலுக்கு எதிரே உட்கார்ந்தது. நான் திட்டத் திட்ட முதுகைக் காட்டியது, தொங்கு காதைத் தூக்கித் துடைக்க விட்டது, கால் நகத்தைக்கூடக் கொடுத்தது. பேன் சீப்பால் உண்ணிகளை எடுத்து மண்ணெண்ணெய் டப்பாவில் போட்டேன். நான் மூச்சு வாங்க நிறுத்தினால் 'அப்புறம்?' என்பதுபோலத் திரும்பிப் பார்க்கும்.

டீச்சரம்மா வராந்தாவில் டீயோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் வா, போ, தண்ணி, சாப்பாடு அளவுக்குத்தான்.

"ஆயா! என்னா சொல்றே நீ? நாய் இவ்ளோ நல்லா நிக்குது!"

மாமியாரைத் திட்டுகிறேன் என்று எப்படிச் சொல்வது? "எங்க பக்கம் நாயிக்கி சொல்ற மந்திரம்மா" என்றேன்.

அவர் உள்ளே போய் நோட்டுப் புத்தகம் கொண்டுவந்து, நான் சொன்னதையெல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் எழுதிக்கொண்டார். வெல்லம், களி என்று காதில் விழுந்ததால் தின்பண்டம் பேரைச் சொல்லித்தான் நாயை மயக்குகிறேன் என்று நினைத்துக்கொண்டார். நானும் அப்படியே விட்டுவிட்டேன்.

எல்லாம் சரி, வயிறு மட்டும் நடக்கவில்லை. முதுகு, காது, கால் எல்லாம் கொடுக்கிற நாய் மல்லாக்க மட்டும் படுக்காது. மழைக்காலம் வந்தது. வயிற்று மயிரெல்லாம் சிக்கிக் கம்பளி மாதிரி ஆகிவிட்டது. ஈரம் உள்ளேயே நின்று நாற்றமடித்தது. நாய் டாக்டர் வந்து கைவைக்கப் போனார். அவர் சட்டைக் கையைக் கவ்வியது.

"உள்ளே தோல் புண்ணாகியிருக்கு. சனிக்கிழமை வரேன். அதுக்குள்ள சிக்கு எடுக்கலைன்னா வைட்ஃபீல்டுல நாய் வளக்கிற அம்மாகிட்ட அனுப்பிடுங்க. இனிமே அங்கியே இருக்கட்டும், ரெண்டு ஆள் பிடிச்சுப்பாங்க" என்றார்.

டீச்சரம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "நாய் போனா நான் என்னா செய்யும்? உனக்கும் வேலை இல்லே. ரூமுக்கு வேற ஆள் பாக்கணும், ஆயா." கோபமில்லாமல் சொன்னார். அதுதான் பயமாக இருந்தது.

நான் சும்மா இருப்பேனா? திட்டை மாற்றிப் பார்த்தேன். நாத்தனாரைத் திட்டினேன். லைன் வீட்டில் வாளியைத் தள்ளிவிட்டவளைத் திட்டினேன். என் வீட்டுக்காரரைக்கூடத் திட்டினேன். ஒன்றும் எடுபடவில்லை. மாமியாருக்கு இருந்த மரியாதை வேறு யாருக்கும் அந்த நாயிடம் இல்லை. அவரைத் திட்டினாலும் முதுகோடு சரி.

வெள்ளிக்கிழமை காலையில் அறைக்குள் வேப்பிலைத் தண்ணீர் காய்ச்சிக்கொண்டிருந்தேன். டீச்சரம்மாவுக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. தானே நாய்க்கு முன் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நோட்டைப் பிரித்துச் சத்தமாகப் படிக்கத் தொடங்கினார்.

"நில்லுடி கெலவி! வெல்லத்தே எங்கடி ஒலிச்சு வெச்சே?"

நான் தண்ணீரோடு வெளியே வந்தேன். பூந்தொட்டிக்குப் பக்கத்தில் கையில் துணிப்பையோடு என் மாமியார் நின்றுகொண்டிருந்தார். அந்த ஆறு மாசம் முடிந்ததா என்று பார்க்க வந்திருந்தார்.

"கொரட்டை விட்டா கூரே தூக்குது! நான் தும்முனா தூக்கம் போச்சா?" டீச்சரம்மா ஒரு வரி விடாமல் படித்தார்.

மாமியார் என் பக்கம் திரும்பினார். "இன்னாமே, என் கதையெல்லாம் தொரசானி நோட்டுல ஏறிக்கீது?"

அங்கேயே அவர் கத்தினால் மந்திரமும் போச்சு, அறையும் போச்சு. "அது நாயிக்கி அத்தே. திட்டுனாதான் நிக்குது. நாளைக்குள்ள வயித்துச் சிக்கு எடுக்கலன்னா வூட்ட காலி பண்ணணும்."

"அதுக்கு ஊர்ல வேற ஆளே கெடைக்கலியா உனக்கு?"

"எல்லாரையும் திட்டிப் பாத்துட்டேன் அத்தே. நீங்கன்னாதான் நிக்குது."

அவர் நாயைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் கோபம் இருந்தது. அதற்குள்ளே கொஞ்சம் பெருமையும் இருந்தது. பையை என் கையில் கொடுத்தார். "கொண்டா அந்த சீப்ப."

"கடிக்கும்! கடிக்கும்!" என்றார் டீச்சரம்மா.

"கடிச்சா நானும் கடிப்பேன்" என்று என் மாமியார் காலை நீட்டி உட்கார்ந்தார்.

பிறகு தொடங்கினார் பாருங்கள். நான் திட்டுவதுபோலப் படபடவென்று இல்லை. அடிவயிற்றிலிருந்து, இழுத்து, நிதானமாக. "வெல்லத்த ஒளிச்சேன்டி. ஒளிக்கலன்னா ஒரே நாள்ல நக்கிப் போட்டிருப்பே. களி கல்லுதான்டி. என் கடவாப் பல்லு எங்க போச்சுன்னு நெனச்சே? வெயிலு முதுகுல சுட்டாதான்டி எழுந்திருப்பே. என் புள்ள எப்பிடி இருந்தான், இப்ப எப்பிடி எளச்சுட்டான்…"

புள்ள என்ற இடத்தில் நாய் பக்கவாட்டில் சாய்ந்தது. எளச்சுட்டான் என்ற இடத்தில் மல்லாந்துவிட்டது. நாலு காலும் ஆகாயத்தில்.

ஒரு மணி நேரம் நடந்தது. தேங்காயெண்ணெய் தடவி, விரலால் சிக்கைப் பிரித்து, பிரியாததைக் கத்தரித்து, வேப்பிலைத் தண்ணீரால் கழுவி, மஞ்சள் பூசினார். என் குற்றம் ஒன்று பாக்கியில்லாமல் வெளியே வந்தது. எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. வாயைத் திறந்தால் நாய் எழுந்துவிடும். எண்ணெய்க் கிண்ணத்தையும் தண்ணீரையும் எடுத்துக் கொடுத்துக்கொண்டு வாயை மூடி நின்றேன். என் வாழ்நாளில் அப்படி நின்றது அந்த ஒருநாள்தான். டீச்சரம்மா புதுப் பக்கம் பிரித்து வேகவேகமாக எழுதிக்கொண்டிருந்தார்.

"இது வேற மந்திரமா, ஆயா?"

"ஆமாம்மா" என்றேன்.

மறுநாள் டாக்டர் மஞ்சள் வயிற்றைப் பார்த்துத் திகைத்தார். புண் காயத் தொடங்கியிருந்தது. வைட்ஃபீல்டு வேண்டாம் என்றார். "ஆனா வயித்தை விட்டா மறுபடி சிக்கு விழும். யார் செஞ்சாங்களோ அவங்களே தினமும் செய்யட்டும்."

டீச்சரம்மா என் மாமியாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "பெரிய ஆயா, நீ இங்கியே இரு. போகக் கூடாது."

"இவ்ளோ சொல்றீங்க, மாட்டேன்னு சொல்ல முடியுமா?" என்று என் மாமியார் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் தங்கவயலுக்குப் போய் அம்மாவுடைய தகரப்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். பெட்டிக்கு இடம் வேண்டும் என்று என் அம்மி வெளியே போயிற்று.