பலகை மேடையும் ஐந்து புள்ளிக் கோலமும்

டர்பன்டைன் வாசனை... அதோடு ஊறிப்போன மரத்தின் புளிப்பு வாசனையும் சேர்ந்தால், எனக்கு அது அயனம்பாக்கம் வீட்டு வாசல்தான். எண்பதுகளின் கடைசி. கல்யாணமாகி இரண்டு வருஷம்.

போன வாரம் தம்பி மகள் வெளிநாட்டிலிருந்து வீடியோ காலில், "அத்தை, எங்க டெக்குக்கு ஸ்டெயின் அடிக்கிறோம்" என்று காட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாசலையொட்டிய அந்த மாதிரி மரத் தளத்தை நாங்கள் அப்போதே வைத்திருந்தோம், டெக் என்ற பெயர்தான் தெரியாது. பலகை மேடை என்போம்.

மாமனாருக்காக வந்த மேடை அது. ஆவடி ஃபேக்டரியில் ரிட்டயர் ஆன மறு வருஷமே ஸ்கூட்டரிலிருந்து விழுந்து முதுகெலும்பில் அடி. கால் இரண்டும் விளங்கவில்லை. கையில் மட்டும் பழைய பலம். வாசலில் மூன்று படி... வீல்சேர் இறங்க வழியில்லாமல் ஏழு மாதம் மனுஷன் உள்ளேயே கிடந்தார்.

என் வீட்டுக்காரருக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. அங்கே மெஷின் வந்து இறங்கிய பேக்கிங் கேஸ் பலகைகளைக் கேட்டு வாங்கிவந்து, வாசற்படி மட்டத்துக்கு மேடை அடித்தார். முதல் நாள் மாமனார் தானே உருட்டிக்கொண்டு நேராக விளிம்பு வரை வந்தார். அங்கிருந்து ஏரி முழுசாகத் தெரியும். மதியச் சாப்பாட்டை அங்கேயே கொண்டுவரச் சொன்னார்.

ஒரு மழைக்காலம் தாண்டியதும் பலகை சாம்பல் நிறமாகிவிட்டது. பாசி, சிலாம்பு... இன்னொரு ஐப்பசி மழை வாங்கினால் உளுத்துவிடும். மேடை போனால் அவர் மறுபடி உள்ளே. வீட்டுக்காரருக்கோ ஓயாத ஓவர்டைம். சரி, ஸ்டெயினும் வார்னிஷும் நாமே அடித்துவிடலாம் என்று நானும் பக்கத்து வீட்டு கோமதி அக்காவும் இறங்கினோம். பிரஷ் பிடித்த அனுபவம் இரண்டு பேருக்கும் கிடையாது.

சோடா உப்புத் தண்ணீர் ஊற்றி, தேங்காய் நாரால் தேய்த்தோம். இரண்டு நாள் காயவிட்டு உப்புத்தாள் போட்டோம். உள்ளங்கை எரிந்தது. பிறகு மரத்துக்குச் சாயம் ஏற்றும் ஸ்டெயின் டப்பாவைத் திறந்து, துணியில் நனைத்து, ஒரு இழுப்பு இழுத்தேன் பாருங்கள்...

வரி வரியாக ரேகைகள் எழும்பி வந்தன. சுழிகள். ஓர் இடம் தேன் நிறம், ஓர் இடம் புளி நிறம். இத்தனை நாள் இதன்மேல் உட்கார்ந்தா முறத்தில் அரிசி புடைத்தேன்? எந்த நாட்டுக் காட்டில் நின்ற மரமோ, மெஷினைச் சுமந்துகொண்டு வந்து எங்கள் வாசலில் படுத்திருக்கிறது. கோமதி அக்கா மெதுவாக, "இன்னாடி இது... கட்டைக்குள்ள ஆறு ஓடிக்கினு கீது" என்றார்.

மறுநாள் சாயங்காலம் மேலே வார்னிஷ். இரண்டு நாள் யாரும் கால் வைக்கக்கூடாது என்று முன்கதவைச் சாத்தினோம். மாமனார் ஜன்னலருகே முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். வானம் வேறு மூட்டம்.

விடியற்காலையில் எழுந்தேன். முன்பக்கம் போகக்கூடாதென்று ஞாபகம் இருந்ததால்தான் பின்கதவு வழியாக வாளியோடு சுற்றிவந்தேன். அதுவரை மூளை வேலை செய்தது. அப்புறம் கை தன் பாட்டுக்கு வேலையைப் பார்த்துவிட்டது. வழக்கம்போல் கீழே நின்றபடியே மேடைமேல் தண்ணீர் தெளித்து, விளிம்பையொட்டி நடுவில் ஐந்து புள்ளி வைத்து, சிக்குக் கோலம் போட்டு முடித்தேன். சிந்திய மாவைத் தள்ளப்போனபோதுதான் விரல் ஒட்டிக்கொண்டது.

அப்படியே மண்ணில் உட்கார்ந்து அழுதேன். தண்ணீர் பட்ட இடமெல்லாம் வெளுத்திருந்தது. சுரண்டினால் ஸ்டெயினும் சேர்ந்து வரும். மறுபடி தேய்த்து, மறுபடி காயவைப்பதற்குள் மழை பிடித்துவிடும். வீட்டுக்காரர் வந்து பார்த்தார், தலையில் கை வைத்தார், உப்புத்தாளை எடுத்தார்.

ஜன்னலிலிருந்து மாமனார் குரல். "டேய், அதுல கை வெக்காத. நல்லா காஞ்சதும் மேலயே இன்னொரு கோட்டிங் அடி."

"கோலம் உள்ளயே நின்னுடும் நைனா."

"நிக்கட்டும். யாருக்கு இன்னா தொல்லை?"

நல்லவேளை, வெயில் வந்தது. வெளுப்பு முக்கால்வாசி தானாகவே மறைந்தது. மேலே இன்னொரு கோட்டிங் அடித்தோம். அது காய்ந்த அன்றைக்கே மழை. தெருக் கோலமெல்லாம் கரைந்து ஓட, எங்கள் கோலம் மட்டும் தண்ணீருக்கு அடியில் பளபளவென்று அப்படியே கிடந்தது. அக்கம்பக்கத்தார் குடையோடு வந்து நின்று பார்த்தார்கள். போட்டவள் நான்தான், எனக்கே மெய் சிலிர்த்தது.

மாமனார் அதைப் பற்றி ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னதில்லை. எனக்கு அது குறைதான், மறைப்பானேன். அதற்கப்புறம் ஒன்பது வருஷம் அவர் மேடையில் உட்கார்ந்தார். ஆனால் நடுவில் இல்லை, வலது ஓரத்தில். அங்கிருந்து ஏரி பாதிதான் தெரியும், மீதியைக் கோமதி அக்கா வீட்டு முருங்கை மறைக்கும். ஏன் மாமா என்று ஒருமுறை கேட்டேன். "நடுவுல வெயில் அடிக்குதும்மா" என்றார்.

அவர் போன மறு வருஷம் வீட்டை இடித்துக் கட்ட, மேடையைக் கழற்ற வேண்டி வந்தது. கடைசியாக ஒருமுறை கழுவிவிட்டேன். அப்போதுதான் கவனித்தேன். பேக்கிங் கேஸ் மரம் மென்மையானது, சக்கரத் தடம் பதிந்திருந்தது. கதவிலிருந்து நேராக வந்த இரண்டு கோடும் கோலத்துக்கு ஒரு முழம் முன்னால் வலது பக்கம் வளைந்து போயிருந்தன. கோலத்தின் மேல் ஒரு கீறல்கூட இல்லை.

துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டு, அந்த வளைவை விரலால் தடவிப் பார்த்தேன்.

இப்போது ஃபிளாட். லிஃப்ட் உண்டு, வீல்சேர் போக சிமெண்ட் சரிவு உண்டு. வாசலில் ஸ்டிக்கர் கோலம்... எல்லாரும் மிதித்துக்கொண்டுதான் போகிறோம். நானும்தான். சில நாள் மட்டும், எதற்கென்று யோசிப்பதற்குள், கால் வலது பக்கம் வளைந்து போகிறது.