அரண்மனையில் முதல் இரவு

முப்பது வருடம் லண்டனில் இருந்தும் நான் ஒரு ஹோட்டலில் படுத்ததில்லை. ஊர் சுற்றாத ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். பாரிஸ் போனோம், சூரிச் போனோம், டொராண்டோவுக்கு இரண்டு தரம் போனோம். போன இடமெல்லாம் என் கணவருக்குச் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் வீட்டு ஹோலில் மெத்தை விரித்துப் படுப்போம். காலையில் அதைச் சுருட்டி வைத்துவிட்டு நான் குசினிக்குள் போய் வெங்காயம் உரிப்பேன். அதற்குப் பெயர் ஹொலிடே.

லண்டனில் மிச்சம் என்ற பகுதியில் ஒரு போஸ்ட் ஒபிஸ் கவுண்டரில் இருந்து ஓய்வு பெற்ற அன்று, என்ன வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். நான் யோசிக்கவே இல்லை. இத்தாலியில், பலெர்மோ நகரத்தில், பழைய பிரபு குடும்பம் ஒன்று தங்கள் அரண்மனை அறைகளை விருந்தினருக்கு வாடகைக்கு விடுவதைப் போனில் பார்த்து வைத்திருந்தேன். அங்கே இரண்டு இரவு வேண்டும் என்றேன். அன்றைக்கே புக் பண்ணித் தந்தார்கள். கணவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். பலெர்மோவில் இருக்கும் அவருடைய சித்தப்பா மகனுக்கு மூச்சுக் காட்டக்கூடாது.

மனிதர் புறப்படுவதற்கு முதல் நாள் போன் எடுத்துச் சொல்லிவிட்டார். "சொல்லாமல் போனால் குறை நினைப்பினமப்பா" என்றார். விமானத்தில் நான் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அரண்மனை வாசலில் டாக்சி நின்றபோது அந்தச் சித்தப்பா மகனான தம்பியாரும் அவர் மனைவியும் ஏற்கெனவே அங்கே நின்றார்கள். அவள் துறைமுகப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் அறை துப்புரவாக்கும் வேலை செய்பவள். ஷிப்ட் முடித்து, வேலை உடுப்போடேயே வந்திருந்தாள். நால்வருமாக மாடிக்குப் போனோம்.

கதவு திறந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சுவரெல்லாம் சிவப்புப் பட்டு. கூரை ஓவியத்தில் கொழுத்த குழந்தைகள் மேகத்தில் உருண்டுகொண்டிருந்தன. கட்டிலோ எங்கள் வீட்டு முன்னறையை விடப் பெரிது. இது எனக்கு, எனக்கே எனக்கு என்று மனம் கத்தியது.

"அண்ணி, பெட்டியைத் திறக்காதேங்கோ" என்றார் தம்பியார். "நண்டுக் கறி வைச்சிருக்கு. ஹோலில மெத்தையும் போட்டாச்சு. வீடு இருக்கேக்கை நீங்கள் இஞ்சை படுத்தால் சனம் என்ன சொல்லும்?"

என் கணவர் பெட்டியைத் தூக்கிவிட்டார்! முப்பது வருடப் பழக்கம், கை தானாகப் போனது.

"வையுங்கோ அதை" என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. தம்பியாரின் முகம் தொங்கிப் போயிற்று. நல்ல மனிதர். அவரை நோகடித்துவிட்டு அந்தக் கட்டிலில் எனக்கு நித்திரை வராது என்றும் தெரிந்தது. விட்டுக்கொடுத்தால் இனி எந்தக் காலத்திலும் வராது என்றும் தெரிந்தது.

அப்போதுதான் அவளைப் பார்த்தேன். கட்டில் ஓரத்தில் குனிந்து, விரிப்பின் மூலையை இழுத்துச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

"மூலை வடிவா மடிக்கேல்லை அக்கா" என்றாள், வெட்கப்பட்டுச் சிரித்தபடி. "பதினெட்டு வருஷமாக் கட்டில் விரிக்கிறன். ஒருநாளும் ஒண்டிலயும் குந்தி இருந்து பாத்ததில்லை. ஹோட்டல்காரர் விடமாட்டினம்."

எனக்கு வழி பிறந்துவிட்டது.

"சரி தம்பி, உங்கடை வீட்டிலை படுக்க ஆள் வேணும், அவ்வளவுதானே? அண்ணையைக் கூட்டிக்கொண்டு போங்கோ. நண்டையும் அவருக்கே குடுங்கோ. இவ இண்டைக்கு என்னோடை."

ஆண்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். என் கணவர் தன் பல்துலக்கியை மட்டும் எடுத்துக்கொண்டு படியிறங்கினார். நான் பல்கனியில் நின்று கை காட்டினேன்.

அன்று மாலை இருவரும் ஆளுக்கு ஒரு மணித்தியாலம் பளிங்குத் தொட்டியில் ஊறினோம். காலையில் கண் விழித்தால், அவள் எழும்பி நின்று போர்வையை மடிக்கிறாள். நான் மறு நுனியைப் பிடித்து இழுத்தேன். "விடும் பிள்ளை. இண்டைக்கு இது உம்மடை வேலை இல்லை." அவள் சிரித்துக்கொண்டே அப்படியே கட்டிலில் விழுந்தாள்.

ஒன்பது மணிக்கு ஆண்கள் வந்தார்கள். என் கணவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். "அந்த மெத்தையிலை மனுசன் படுக்க ஏலாதப்பா" என்றார். முப்பது வருடம் கழித்து அவருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

"கோப்பி கிடைக்குமோ?" என்று கேட்டார்.

அவள் கலைந்த கட்டிலில் சாய்ந்தபடியே அறைப் போனை எடுத்தாள். பதினெட்டு வருடமாக விருந்தாளிகள் இப்படிப் போனில் கேட்டதையெல்லாம் தூக்கிக்கொண்டு ஓடியவள், குரலை உயர்த்தாமல், அழகான இத்தாலி மொழியில் நான்கு கோப்பி கொண்டுவரச் சொன்னாள்.