சுருக்கொப்பமிட்ட தண்ணீர்க் கேன்

பகுதிநேர ஆய்வாளர் காலநீட்டிப்புக் கேட்டு விண்ணப்பித்தால், விண்ணப்பம் கிடைத்த முப்பது நாட்களுக்குள் முடிவைத் தெரிவிக்க வேண்டும். என் தம்பியின் பல்கலைக்கழகக் கையேட்டில் அப்படித்தான் இருக்கிறது. அவன் ஜனவரியில் விண்ணப்பித்தான். மே மாதம் வரை பதில் இல்லை. இரண்டு நினைவூட்டுகளை நானே எழுதிக் கொடுத்தேன். பார்வை ஒன்று, பார்வை இரண்டு என்று ஒழுங்காக எண் போட்டு, ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். முப்பத்து நான்கு வருடம் அரசு அலுவலகத்தில் இருந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவள் நான். பதில் வராத கடிதங்களைப் பற்றி எனக்கு நன்றாகவே தெரியும். அவற்றில் பலவற்றுக்குப் பதில் அனுப்பாமல் இருந்ததே நான்தான்.

தம்பிக்கு ஐம்பத்திரண்டு வயது. சுரண்டைப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறான். நாங்கள் இருப்பது தென்காசியில், ஒரே வீட்டில். அவன் மாடியில், நான் கீழே. வாலிபத்தில் விட்டுப்போன முனைவர் பட்டத்தை எட்டு வருடத்துக்கு முன்னால் மறுபடி பிடித்தான். அடுத்த ஜனவரி கடைசி நாளோடு அவன் பதிவு காலாவதியாகிவிடும். அதற்குள் ஒரு ஆய்விதழ் அவன் கட்டுரையை ஏற்க வேண்டும். ஏற்றால்தான் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். இல்லையென்றால் நீட்டிப்பு வர வேண்டும். இரண்டும் இல்லையென்றால் எட்டு வருடமும் பழைய பேப்பர்.

அவன் ஆராய்ச்சி கார்பன் நானோகுழாய்களைப் பற்றியது. பார்ப்பதற்கு விளக்குக் கரிதான். ஆனால் ஒவ்வொரு துகளும் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய குழாய் என்றும், மின்சாரம் அதில் வழுக்கிக்கொண்டு ஓடும் என்றும் சொல்வான். அதைத் தண்ணீரில் கலந்து, ஒரு சொட்டு எடுத்து, பென்சில் முனை போன்ற மின்முனையில் காயவிட வேண்டும். அந்த முனையைத் தண்ணீரில் முக்கினால், அதில் பாரசிட்டமால் மாத்திரையின் சுவடு இருந்தால்கூடத் திரையில் ஒரு முகடு எழும்பும். ஆஸ்பத்திரிக் கழிவுநீரைச் சோதிக்க உதவும் என்பது அவன் கனவு.

சிக்கல், அந்தக் கரி தண்ணீரில் கலக்காது என்பதுதான். கல்யாண வீட்டில் ஒரே ஊர்க்காரர்கள் ஒரே மூலையில் உட்கார்ந்துகொள்வதுபோல் ஒன்றோடு ஒன்று ஒட்டிக் கட்டியாக அடியில் கிடக்கும். அதற்காக அதை அமிலத்தில் காய்ச்சுவார்கள். அமிலம் குழாயின் சுவரை அங்கங்கே அரிக்கும். அரித்த இடத்தில் கார்பாக்சில் தொகுதிகள் முளைக்கும். அவை தண்ணீரோடு உறவு வைத்துக்கொள்ளும்.

"குறையே இல்லாத குழாய் எதுலயும் ஒட்டாதுக்கா," என்றான் தம்பி. "கொஞ்சம் பழுதாக்கினாத்தான் பழகும். ரொம்பப் பழுதாக்கிட்டா கரண்டு ஓடாது."

குறையே இல்லாத இரண்டு அதிகாரிகளிடம் நான் வேலை பார்த்திருக்கிறேன். எனக்கு உடனே விளங்கிவிட்டது.

அவன் எட்டு வருடமும் இந்த நடுப்பதத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தான். அமிலம் குறைந்தால் கட்டி, கூடினால் முகடு செத்துப்போகும். காய்ச்சிய கரியைக் காய்ச்சி வடித்த நீரில் பலமுறை கழுவ வேண்டும். கல்லூரியில் அந்த நீர் எடுக்கும் சாதனம் பழுதாகிக் கிடந்ததால் பேட்டரிக் கடையில் கேன் கேனாக வாங்கி வருவான். அவன் குறிப்பேட்டைப் பார்த்து எனக்கு ரத்தம் கொதித்தது. தேதி இல்லை, எந்தக் கேன் என்று இல்லை. "ஏலே, இத வச்சு ஒரு பியூனைக்கூட சஸ்பெண்ட் பண்ண முடியாதுலே," என்று சொல்லி நானே ஒரு பதிவேடு போட்டேன். நாள், கரியின் எடை, அமிலத்தில் காய்ச்சிய நேரம், கழுவிய நீர், விளைவு, ஒப்பம். கேன்கள் என் சமையலறைக்கு வெளியே இருக்கும். ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டி, 'சரிபார்க்கப்பட்டது' என்று எழுதி, சுருக்கொப்பமிட்டுத்தான் கல்லூரிக்கு அனுப்புவேன்.

ஜூனில் சாரல் பிடித்தது. அடுத்த வீட்டு பாய் வளைகுடாவிலிருந்து லீவில் வந்திருந்தார். வந்த மறுநாளே ஐந்தருவிக்குக் காரை எடுத்துவிடுவார். இந்தத் தடவை என்னிடம் காலிக் கேன்கள் இரண்டை வாங்கிப்போய் அருவித் தண்ணீர் மோந்து வந்தார்.

"புது வெள்ளம்க்கா. நல்லா இலையெல்லாம் ஊறின தண்ணி. இதுல டீ போட்டுக் குடிச்சுப் பாருங்க."

ஒரு கேனை அவருக்கே தருவதாகச் சொன்னேன். அவர் வீட்டில் வைக்க இடமில்லை, அப்புறம் எடுத்துக்கொள்கிறேன் என்றார். ஆக நான்கு கேன்கள் வரிசையாக நின்றன. இரண்டு பேட்டரிக் கடை, இரண்டு அருவி. நான்கும் ஒரே ஜாடை. எது என்ன நீர் என்று எழுதி நான்கிலும் சீட்டு ஒட்டினேன்.

அந்த வாரக் கடைசியில் கல்லூரியிலிருந்து தம்பி போன் செய்தான். குரல் ஒரு மாதிரி இருந்தது.

"யக்கா, கரி அடியில உக்காரவே மாட்டேங்குது. மை மாதிரி நிக்குது. முகடு எம்புட்டு எழும்புதுன்னு நெனைக்க? திரையத் தாண்டிப் போவுது."

"அமிலம் கூடப் போட்டியோ?"

"குறைச்சுல்லா போட்டேன். வழக்கமா இது கட்டிதான் பிடிக்கும்."

அன்று வீட்டில் கேசரி. இரண்டு நாள் கழித்து அதே அளவு, அதே நேரம், அடுத்த கேன் தண்ணீர் என்று மறுபடி செய்தான். பழையபடி கட்டி. மூன்றாம் முறையும் கட்டி. பதிவேட்டை முன்னும் பின்னும் புரட்டினோம். எல்லாக் கட்டத்திலும் ஒரே எண்கள். ஒருமுறை மட்டும் நடந்ததைக் கட்டுரையாக்க முடியாது.

"ஒரு தடவை நடந்தது கணக்குல வராதுக்கா," என்று மாடிக்குப் போனவன் இரண்டு நாள் சாப்பிட மட்டும் இறங்கி வந்தான். நான் மூன்றாவது நினைவூட்டை எழுதினேன். இனி நீட்டிப்பு ஒன்றுதான் வழி என்று பட்டது. இதற்கிடையில் பாய் தன் பங்குக் கேனை எடுத்துப் போனார்.

மறுநாளே வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னால் தயங்கினார்.

"அக்கா, தப்பா எடுத்துக்கிடாதிய. அந்தத் தண்ணி அருவித் தண்ணி இல்ல."

"சீட்டுல எழுதியிருக்கே பாய்."

"சீட்டுல எழுதியிருக்கு. வாயில தெரியலையே. டீ போட்டா சப்புன்னு இருக்கு. மோந்து வந்தவன் நான்லா, எனக்குத் தெரியாதா?"

சாரல் ஈரத்தில் இரண்டு சீட்டுகள் கழன்று தரையில் கிடந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. நான்தான் எடுத்துத் துடைத்து, அரிசிக் கஞ்சி தடவி, மறுபடி ஒட்டினேன். ஒட்டிய கையோடு புதிதாகச் சுருக்கொப்பமும் இட்டேன். எந்தக் கேன் எது என்று முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. சீட்டு இருந்தால் போதும் என்று முப்பத்து நான்கு வருடம் பழகிய கை.

"பாய், நீங்க குடிச்சது பேட்டரிக்கு ஊத்துத தண்ணி," என்றேன்.

"அதான் காலையில வண்டி உடனே ஸ்டார்ட் ஆகுது," என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

மாடிக்குக் குரல் கொடுத்தேன். "ஏலே, கீழ வா. உன் கரியக் கழுவினது குத்தாலத் தண்ணிலே."

கைலியோடு இறங்கி வந்தவனுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன். அவன் படிக்கட்டிலேயே உட்கார்ந்து சிரித்தான். அப்புறம் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னான். 'காய்ச்சி வடித்த நீர்' என்பதை ஒற்றைக் கோட்டால் அடித்தேன். மேலே 'ஐந்தருவி நீர், புது வெள்ளம்' என்று எழுதி, தேதியிட்டு ஒப்பமிட்டேன். பணிக்காலத்தையும் சேர்த்து, என் தவறை நானே திருத்திப் போட்ட முதல் ஒப்பம் அதுதான்.

மீதி இருந்த அருவிக் கேனால் மறுபடி கழுவினான். மை. முகடு. பாய் இன்னொரு கேன் கொண்டுவந்தார், அதிலும் மை.

"ஆனா அருவித் தண்ணின்னு கட்டுரையில எழுத முடியாதுக்கா. அதுல எது வேலை செய்யுதுன்னு சொல்லணும். இலை ஊறின தண்ணின்னா துவர்ப்பு இருக்கும். அந்தத் துவர்ப்புதான் குழாயச் சுத்திப் போத்திக்கிடுதோ என்னவோ."

"துவர்ப்புன்னா கடுக்கா இருக்குலே, அலமாரியில."

"அது உன் வயித்துக்கு வாங்கினதுல்லா?"

"வயிறு ஒரு நாள் பொறுக்கும்."

கடுக்காய்ப் பொடியைப் பேட்டரித் தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டிக் கொண்டுபோனான். பகல் பன்னிரண்டு மணிக்குப் போனில் ஒரு படம் வந்தது: கண்ணாடிப் புட்டியில் கறுப்பு மை, அடியில் ஒரு பொட்டுக்கூட இல்லை. பிறகு கல்லூரி அலமாரியில் இருந்த டேனிக் அமிலத்தாலும், அதாவது சுத்தமான துவர்ப்பாலும், செய்து பார்த்தான். முடிவு அதேதான். கொஞ்சம் அமிலத்தில் காய்ச்சி லேசாகப் பழகவிட்டு, மிச்சத்தைத் துவர்ப்பு பார்த்துக்கொண்டால் போதும். குழாயின் சுவரும் கெடாது, கரண்டும் ஓடும். எட்டு வருடமாகச் சுவரையே அரித்துக்கொண்டிருந்தவனுக்குப் போர்வை என்ற யோசனை வரவில்லை. மாத்திரை கரைத்த தண்ணீர் பத்துத் தடவை, பத்துத் தடவையும் ஒரே உயர முகடு. பத்துக்கும் நான் ஒப்பமிட்டேன். இந்தத் தடவை முகர்ந்து பார்த்துவிட்டு.

ஆகஸ்டில் கட்டுரை போனது. டிசம்பரில் ஒரு மதிப்பீட்டாளர், இந்த யோசனை எப்படி வந்தது என்று கேட்டிருந்தார். 'ஒரு கேனில் சீட்டு மாறியதால்' என்று தம்பி உள்ளதை எழுதினான். ஒட்டியவர் பெயரைப் போடாதே என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். ஜனவரி இருபத்தெட்டாம் தேதி ஏற்பு வந்தது. மறுநாள் ஆய்வேட்டின் பிரதிகளை நாங்கள் இருவரும் திருநெல்வேலி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனோம். வாங்கியவரிடம் முத்திரை போட்ட ரசீது கேட்டேன். நாளைக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். நான் அவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்தேன். ரசீது அன்றே கிடைத்தது.

ஜூனில் வாய்மொழித் தேர்வு முடிந்து அவனுக்குப் பட்டம் உறுதியானது. மறுநாள் காலை, மறுபடி லீவில் வந்திருந்த பாய் எங்களை ஐந்தருவிக்கு அழைத்துப் போனார். பெண்கள் பக்கம் நானும் ஆண்கள் பக்கம் அவர்களும் பல் கிட்டிக்கும் வரை நின்றோம். ஈரத் தலையோடு வீடு திரும்பியபோது தபால்காரர் வாசலில் காத்திருந்தார். பல்கலைக்கழகத்தின் பதிவுத் தபால். பார்வையில் என் மூன்று நினைவூட்டுகளும் வரிசை மாறாமல் இருந்தன. தம்பியின் கோரிக்கை கனிவுடன் பரிசீலிக்கப்பட்டு, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க ஓராண்டு நீட்டிப்பு வழங்கப்பட்டிருந்தது.

"நல்ல மனுஷங்க. இனி அவசரமில்லாமப் படிக்கலாம்," என்றார் பாய்.

தம்பி சிரித்துக்கொண்டே கடிதத்தை என்னிடம் நீட்டினான். தலையிலிருந்து சொட்டிய தண்ணீர் படாமல் அதைப் பிடித்துக்கொண்டு, மேல் மூலையில் 'பெறப்பட்டது' என்று எழுதினேன். சுருக்கொப்பமிட்டேன். தேதியையும் போட்டேன்: ஜூன் இருபத்தாறு.